சுவிஸ்காரர் என்றால் யார்? ஐந்து நாள் பயணக் குறிப்பு

முதல் நாள், புதன்: சூரிச்

சூரிச் வருகிறவர்கள் முதலில் ஏரிக்கரைக்குப் போவார்கள். நான் பையை விடுதியில் போட்டுவிட்டு, ஊர் நடுவிலிருந்து மேட்டுக்கு ஏறும் சின்னச் சிவப்பு இழுவை ரயிலைப் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அங்கே ஒரு சாய்வு நாற்காலியைப் பார்க்கவேண்டும் என்று பல வருடமாக ஆசை.

பிரதானக் கட்டடத்தின் உள்முற்றத்தில் அது இருக்கிறது. பழைய வீடுகளில் கால் நீட்டிச் சாய்ந்துகொள்ளப் போட்டிருப்பார்களே, அந்த வகை. ஆனால் அளவு பெரிது. ஏறி உட்கார்ந்தால் நாம் சிறுபிள்ளை போல் ஆகிவிடுகிறோம். பிப்பிலோட்டி ரிஸ்ட் என்ற கலைஞர் செய்து 2008-ல் வைத்த நினைவுச்சின்னம் இது. எமிலி கெம்பின்-ஸ்பீரி என்ற பெண்ணுக்காக.

எமிலி 1853-ல் பிறந்தவர். பாதிரியாரின் மனைவி, மூன்று பிள்ளைகளின் தாய். முப்பது வயதைத் தாண்டிய பிறகு இங்கே சட்டம் படிக்க வந்தார். கணவர் மேல் ஒரு வழக்கு வந்தபோது, அவர் சார்பில் தானே நீதிமன்றத்தில் நிற்கிறேன் என்றார். முடியாது என்றார்கள். வாக்குரிமை உள்ளவர்தான் இன்னொருவருக்காக வாதாடலாம் என்பது சட்டம். பெண்ணுக்குத்தான் வாக்கே இல்லையே.

எமிலி விடவில்லை. 1874-ம் வருட அரசியலமைப்பின் நான்காவது பிரிவு, சுவிஸ்காரர் அனைவரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. ஜெர்மனில் அந்தச் சொல் ‘ஷ்வைட்சர்’. நானும் ஷ்வைட்சர்தானே என்று நாட்டின் உச்ச நீதிமன்றத்திடம் போனார். 1887-ல் தீர்ப்பு வந்தது. அந்தச் சொல்லில் பெண்ணையும் சேர்த்துப் படிப்பது ‘எவ்வளவு புதியதோ அவ்வளவு துணிச்சலானது’ என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். அதே வருடம் அவர் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பட்டம் கையில், வாதாட அனுமதி இல்லை.

இதே பல்கலைக்கழகம் இருபது வருடம் முன்னால், 1867-லேயே, ரஷ்யாவிலிருந்து வந்த நடேஷ்டா சுஸ்லோவாவுக்கு மருத்துவத்தில் டாக்டர் பட்டம் கொடுத்திருந்தது. படிக்க வைப்பதில் ஐரோப்பாவுக்கே முன்னால் நின்ற ஊர் இது. அதனால்தான் அந்தத் தீர்ப்பு இன்னும் உறுத்துகிறது.

எமிலி நியூயார்க் போய்ப் பெண்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தார், திரும்பி வந்தார், போராடினார், உடைந்துபோனார். பாசல் நகரத்து மனநலக் காப்பகத்தில் இருந்தபடி, வீட்டு வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பாதிரியாருக்கு விண்ணப்பக் கடிதம் எழுதினார். நாட்டிலேயே சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண், சமையலும் துவைப்பும் செய்கிறேன் என்று எழுதிய கடிதம். 1901-ல் அங்கேயே இறந்தார். சூரிச் மாநிலம் பெண்கள் வக்கீலாகலாம் என்று சட்டத்தை மாற்றியது 1898-ல். அப்போது அவர் நோயாளியாகிவிட்டிருந்தார்.

நாற்காலியில் கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தேன். பக்கத்தில் இரண்டு மாணவிகள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் ஃபிராவ்மியூன்ஸ்டர் தேவாலயம். கூட்டம் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்கு. நான் போனது மடத்தின் கதைக்கு. 853-ல் ஓர் அரசன் தன் மகளுக்காக ஏற்படுத்திய பெண்கள் மடம் இது. இதன் தலைவி இடைக்காலத்தில் இந்த ஊருக்கே தலைவி. நாணயம் அடிக்கும் உரிமைகூட அவரிடம் இருந்தது. கடைசித் தலைவி கத்தரீனா ஃபான் சிம்மர்ன், 1524-ல் மதச் சீர்திருத்தக் காலத்தில் மடத்தை நகரத்திடம் ஒப்படைத்தார். பெண்களின் நிலை காலம் போகப்போகப் படிப்படியாக ஏறியது என்று பள்ளியில் படித்தோம். ஒருகாலத்தில் காசு அடித்த பெண்ணின் ஊரில், 360 வருடம் கழித்து ஒரு பெண்ணுக்கு நீதிமன்ற வாசல்படி ஏற அனுமதி இல்லை.

இரண்டாம் நாள், வியாழன்: பெர்ன்

பெர்னில் தங்குவது தோழியின் அக்கா வீட்டில். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், 80-களில் இங்கே வந்தார், இப்போது சுவிஸ் குடியுரிமை. ஸ்டேஷனிலிருந்து நேரே பாராளுமன்றச் சதுக்கத்துக்கே கூட்டிப்போய்விட்டார்.

“எல்லா ஆர்ப்பாட்டமும் இங்கதான் தங்கச்சி. எங்கட ஆக்களும் இங்க எத்தனையோ தரம் வந்து நிண்டிருக்கினம்” என்றார்.

பச்சைக் குவிமாடம் கொண்ட கட்டடம். முன்னால் கல் பாவிய சதுக்கம். தரையிலிருந்து 26 நீர்த்தாரைகள் பீய்ச்சுகின்றன, மாநிலத்துக்கு ஒன்று. சட்டையெல்லாம் நனைந்த பிள்ளைகள் அதில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

1969 மார்ச் 1 அன்று இங்கே ஐயாயிரம் பேர் கூடினார்கள். ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட சுவிஸ் அரசு தயாரானது, ஆனால் ‘எங்கள் நாட்டில் பெண்களுக்கு வாக்கில்லை, அந்த விஷயத்தில் விலக்கு வேண்டும்’ என்ற நிபந்தனையோடு. மனித உரிமைக்குக் கையெழுத்து, பாதி மனிதர்களை நீக்கிவிட்டு! கொதித்துப்போய் வந்தார்கள். பெண்ணுரிமைப் போராளி எமிலி லீபர்ஹெர் சிவப்புக் கோட்டோடு மேடையில் நின்று பேசினார். அரசாங்கத்துக்குக் கேட்கட்டும் என்று சதுக்கம் முழுக்க விசில் ஊதினார்கள்.

அதற்கு முன்னால் பெண்கள் பணிவாகவும் கேட்டுப் பார்த்தார்கள். 1928-ல் இதே பெர்னில் பெண்களின் உழைப்பைக் காட்டும் பெரிய கண்காட்சி நடந்தது. அதன் ஊர்வலத்தில் ஒரு பெரிய நத்தை பொம்மையை இழுத்துக்கொண்டு போனார்கள். வாக்குரிமை நகரும் வேகம் இதுதான் என்று. அடுத்த வருடம் 2,49,237 கையெழுத்துகளோடு மனு கொடுத்தார்கள். அதில் 78,840 கையெழுத்து ஆண்களுடையது. மனு உள்ளே போனது, அங்கேயே படுத்துக்கொண்டது.

ஏன் இவ்வளவு தாமதம்? பக்கத்து ஜெர்மனியில் 1918, பிரான்சில் 1944, இத்தாலியில் 1945. அங்கெல்லாம் போரோ புரட்சியோ வந்து, ஓர் அரசாங்கமோ சட்டமன்றமோ முடிவெடுத்தது. சுவிட்சர்லாந்தில் அரசியலமைப்பை மாற்ற மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். மாநிலங்களின் பெரும்பான்மையும் வேண்டும். மக்கள் என்றால் ஆண்கள். ஒவ்வொரு வீட்டிலும் அப்பாவும் அண்ணனும் கணவனும் பெட்டியில் ‘ஆம்’ என்று போட்டாகவேண்டும். உலகம் மெச்சும் நேரடி ஜனநாயகம்தான் இங்கே பெண்களுக்குப் பூட்டாக இருந்தது.

1959 பிப்ரவரி 1, முதல் நாடு தழுவிய வாக்கெடுப்பு. ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கு ‘இல்லை’ என்றது. பிரெஞ்சு பேசும் மூன்று மாநிலங்கள் மட்டும் ‘ஆம்’. இரண்டு நாள் கழித்து பாசலில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஆசிரியைகள் வகுப்புக்குப் போகாமல் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

1971 பிப்ரவரி 7, இரண்டாம் முறை. ஆம் 6,21,109, இல்லை 3,23,882. மனிதன் நிலவில் கால் வைத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அக்கா மாடிவீட்டுப் பாட்டியை இரவு தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார். 71-ல் அவருக்கு இருபத்தாறு வயது, கையில் குழந்தை. “அன்று அவர் வாக்குப் போட்டுவிட்டு வந்தார். என்ன போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க பயமாக இருந்தது” என்றார். அக்கா மொழிபெயர்த்துச் சொல்லி முடிக்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் இறந்து பத்து வருடம் ஆகிறதாம். இன்றுவரை தெரியாது.

மூன்றாம் நாள், வெள்ளி: உன்டர்பேக்

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்த ஊர். பெர்னிலிருந்து நீண்ட சுரங்கம் வழியாக ஆல்ப்ஸைக் குடைந்துகொண்டு ரயில் விஸ்ப் வருகிறது. அங்கே மாறி ராரோன் என்ற சின்ன ஸ்டேஷன். அதன் பக்கத்திலேயே மலைக்குக் கம்பிவட வண்டி. கீழே ஆப்ரிக்காட் மரங்கள், மேலே போகப்போகக் காற்று பல்லைக் கிட்டவைக்கிறது. சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் ஊர். வெயிலில் கறுத்துப்போன மரவீடுகள், ஒரு தேவாலயம், இன்னும் கரையாத பனித்திட்டுகள்.

1957 மார்ச்சில் ஒரு வாக்கெடுப்பு வந்தது. போர்க்காலக் குடிமைப் பாதுகாப்புப் பணியை அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்பது கேள்வி. அந்தப் பணியைப் பெண்களுக்கும் கட்டாயமாக்கும் திட்டம் அதில் இருந்தது. பெண்களைக் கட்டாய வேலைக்கு இழுப்பதா என்று முடிவுசெய்யப்போவது ஆண்கள் மட்டும்.

இந்த ஊராட்சி, அதாவது ஆண்களே நிறைந்த ஊராட்சி, இது நியாயமில்லை என்றது. வாக்காளர் பட்டியலை எழுதுவது ஊரின் வேலை, ஆகவே எங்கள் பெண்களையும் எழுதுவோம் என்று முடிவெடுத்தார்கள். அந்த வட்டாரத்தின் அரசு அதிகாரி பீட்டர் ஃபான் ரோட்டன் உறுதுணையாக நின்றார். அவர் மனைவி இரிஸ் ஃபான் ரோட்டன் வக்கீல். திருமணம், சம்பளம், படுக்கை, வாக்கு என்று எல்லாவற்றிலும் பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்பதை மறைக்காமல் ஒரு தடித்த புத்தகமாக அடுத்த வருடம் எழுதினார். அதற்காகப் பாசல் திருவிழாவில் அவரைக் கேலிச்சித்திரமாக்கி ஊர்வலம் விட்டார்கள்.

மாநில அரசு கூடாது என்றது. மத்திய அரசும் கூடாது என்றது. ஊர் கேட்கவில்லை. ஊராட்சித் தலைவரின் மனைவி கத்தரீனா சென்ஹாய்சர்ன் முதலில் போனார். நாட்டு விவகாரத்துக்கு வாக்குச்சீட்டைப் பெட்டியில் போட்ட முதல் சுவிஸ் பெண். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். ஊரில் இருந்த 84 பெண்களில் 33 பேர் வந்தார்கள். வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு காத்திருந்தார்கள், கேலி செய்யவும் ஆட்கள் இருந்தார்கள்.

பெண்களின் சீட்டுகளுக்குத் தனிப் பெட்டி. அந்த 33 சீட்டும் கணக்கில் சேரவில்லை. நாட்டளவில் அந்தத் திட்டம் ஆண்களின் வாக்கிலேயே தோற்றுப்போனது.

மற்ற 51 பேரைப் பற்றித்தான் நான் தெருவில் நடக்கும்போது யோசித்துக்கொண்டிருந்தேன். மாமியார் என்ன சொல்வார், பாதிரியார் என்ன நினைப்பார், பால் வாங்குகிற வீட்டில் முகம் கொடுப்பார்களா. நம் ஊர்ப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு தெரு, எல்லா ஜன்னலும் அந்தத் தெருவைப் பார்த்தே இருக்கிறது. தேவாலயத்திலிருந்து நடந்து பார்த்தேன். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி பத்து நிமிடம்கூட இல்லை. அதை அன்றைக்கு நடந்து கடந்த 33 பேரும் எனக்குப் பெரிய மனிதர்கள்.

சுவிஸ் நாடு பிறந்ததாகச் சொல்லப்படும் புல்வெளிக்கு ருயூட்லி என்று பெயர். இந்த ஊரை ‘சுவிஸ் பெண்களின் ருயூட்லி’ என்கிறார்கள்.

இன்னொரு விஷயம். அதே 1957-ல் லோசான் வக்கீல் அந்துவானெத் கென்ஷ், இன்னும் 1,414 பெண்களோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார். கேட்டது எமிலி கெம்பின்-ஸ்பீரி 1887-ல் கேட்டதேதான்: சுவிஸ்காரர் என்ற சொல்லில் நாங்களும் இல்லையா? இல்லை என்றது நீதிமன்றம்.

நான்காம் நாள், சனி: பெர்ன்

மழை. அக்காவோடு பக்கத்து ஊருக்கு ரயிலில் போகும்போது ஹின்டல்பாங்க் என்ற ஸ்டேஷன் வந்தது. பெண்கள் சிறை இருக்கும் ஊர். 1981 வரை, எந்தக் குற்றமும் செய்யாத பெண்களையும் இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். கல்யாணமாகாமல் கர்ப்பமானவள், ‘ஒழுங்கில்லாதவள்’ என்று அதிகாரிகள் எழுதியவள். நீதிமன்றமே வேண்டாம், ஓர் அலுவலகத்தின் உத்தரவு போதும். தண்டனைக் கைதிகளோடு ஒன்றாக வைத்தார்கள். பலரிடமிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார்கள். 2010-ல் அரசு சார்பில் ஓர் அமைச்சர் இதே ஊருக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். 71-ல் வாக்கு கிடைத்த பிறகும் பத்து வருடம் இது நடந்தது என்பதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

வீட்டுக்குள் இருந்த சட்டமும் அப்படித்தான். கணவனே குடும்பத் தலைவன். எங்கே குடியிருப்பது என்று அவன் முடிவு. மனைவி வேலைக்குப் போக அவன் சம்மதம் வேண்டும். அவள் கொண்டுவந்த சொத்தையும் அவனே நிர்வகிப்பான். இதை மாற்றும் சட்டத்துக்கு 1985-ல் வாக்கெடுப்பு வந்து 54.7 சதவீதத்தில் ஜெயித்தது. பிறகு நடந்த ஆய்வின்படி ஆண்களில் பெரும்பான்மை எதிராகவே போட்டது. பெண்களின் வாக்கில் கரையேறியது. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறை.

“நான் வந்த காலத்தில இஞ்ச வெள்ளைக்காரப் பொம்பிளையளுக்கே அந்தச் சட்டம்தான். நான் ஊரில டீச்சர், என்ர சம்பளம் என்ர கையில” என்றார் அக்கா.

அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. இலங்கையில் பெண்களுக்கு வாக்கு 1931-லேயே வந்துவிட்டது, சுவிஸுக்கு நாற்பது வருடம் முன்னால். அடுத்த வருடமே கொழும்பு வடக்கு இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து ஜெயித்து சட்டசபைக்குப் போனார். யாழ்ப்பாணத்தில் அந்த முதல் தேர்தலைப் புறக்கணித்தார்கள். 1934-ல்தான் அங்கே வாக்குப்பெட்டி வந்தது. “அம்மம்மா அந்த முதல் வோட்டுக்குப் போனவ. புதுச்சீலை உடுத்திக்கொண்டு போனவவாம்” என்றார்.

மேசையில் ஒரு தபால் உறை கிடந்தது. அடுத்த வாக்கெடுப்புக்கு வந்தது. அக்கா அட்டையில் கையெழுத்துப் போட்டு, சீட்டைச் சின்ன உறைக்குள் வைத்து, நாக்கால் நனைத்து ஒட்டி, வாசலில் வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனார். எல்லாம் ஒரு நிமிடம்.

ஐந்தாம் நாள், ஞாயிறு: அப்பென்செல்

காலை ஆறு மணிக்கே கிளம்பினோம். கொசாவில் சிவப்பு மலை ரயிலுக்கு மாறி, பச்சைக் குன்றுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து அப்பென்செல். நாட்டில் கடைசியாகப் பெண்களுக்கு வழிவிட்ட மாநிலமான இன்னர்ரோடனின் தலைநகர். ஏப்ரல் கடைசி ஞாயிறு இங்கே திறந்தவெளி மக்கள் சபை. வாக்குப்பெட்டி கிடையாது, சதுக்கத்தில் நின்று கையைத் தூக்குவதுதான் வாக்கு.

ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சித்திரம். கடைகளில் இஞ்சித் தேன் ரொட்டி வாசனை. தெருவில் வருகிற ஆண்கள் பலர் கையில் ஒரு வாள். முதலில் திடுக்கிட்டேன். குட்டையான பழைய வாள், தோல் உறை, பிடியில் தேய்ந்த பித்தளை. அப்பனிடமிருந்து மகனுக்கு வருவது. இன்றும் இங்கே ஆணுக்கு அந்த வாளே வாக்காளர் அட்டை, அதைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். பெண்கள் காட்டுவது அச்சடித்த ஓர் அட்டை.

71-ல் கிடைத்தது நாட்டு விவகாரங்களுக்கான வாக்கு மட்டும். மாநில விவகாரங்களில் பெண்களுக்கு வாக்கு உண்டா என்பதை அந்தந்த மாநிலமே முடிவுசெய்தது. இந்தச் சதுக்கத்தில் ஆண்கள் மூன்று முறை ‘இல்லை’ என்று கை தூக்கினார்கள்: 1973, 1982, 1990. கடைசி முறை மாநில அரசே சம்மதியுங்கள் என்று கேட்டும் மறுத்தார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, சதுக்கத்தில் இடம் போதாது. இன்று அந்தச் சதுக்கத்தைக் கண்ணால் பார்த்துவிட்டேன். இடம் இருக்கிறது.

தெரேசா ரோனர் என்ற பெண் உச்ச நீதிமன்றம் போனார். மண்பாண்டம் செய்கிறவர். சிறிய ஊர், மிரட்டல்கள் வந்தன. 1990 நவம்பர் 27 அன்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மாநில அரசியலமைப்பில் ஓர் எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை. அதில் ‘நாட்டு மக்கள்’, ‘சுவிஸ்காரர்’ என்று இருக்கும் சொற்களில் பெண்களும் அடக்கம், அப்படித்தான் படிக்கவேண்டும் என்றார்கள். எமிலி 1887-ல் சொன்ன அதே வாசிப்பு. நடுவில் 103 வருடம்.

இதைப் படித்த நாளிலிருந்து ‘குடிமகன்’ என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. நம் சொல்லுக்குள்ளும் ஒரு மகன்தான் உட்கார்ந்திருக்கிறான். நம் அரசியலமைப்பு முதல் நாளிலேயே எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டதால் அதைக் கவனிக்காமலே இருந்துவிட்டோம்.

பன்னிரண்டு மணி. தேவாலயத்திலிருந்து இசைக்குழுவோடு ஊர்வலம் வந்தது. கயிறு கட்டிய வட்டத்துக்குள் வாக்காளர்கள், வெளியே எங்களைப் போன்ற வேடிக்கை பார்ப்பவர்கள். மர மேடையில் ஆட்சியாளர்கள் நின்றார்கள். சத்தியப்பிரமாணம் எடுக்கும்போது சதுக்கமே அடங்கிப்போனது, ஒரு குழந்தை அழும் சத்தம் மட்டும். பிறகு ஒவ்வொரு விஷயமாகச் சொல்ல, கைகள் எழுந்தன, தாழ்ந்தன. பெரும்பாலும் எண்ணுவதில்லை, பார்த்தே பெரும்பான்மையைச் சொல்கிறார்கள். எனக்கு முன்னால் கயிற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு பெண், இடுப்பில் பிள்ளை. கை தூக்கும்போதெல்லாம் பிள்ளையும் சேர்த்துத் தூக்கியது.

முடிந்த பிறகு அடுமனையில் இடம் கிடைக்காமல் ஒரு வயதான அம்மாவின் மேசையில் உட்கார்ந்தோம். வாக்காளர் அட்டை இன்னும் அவர் கையில் இருந்தது. அக்கா பேச்சுக் கொடுத்தார். 1991 ஏப்ரல் 28, முதல் முறை பெண்கள் வட்டத்துக்குள் நின்ற நாள், இவரும் நின்றிருக்கிறார். எப்படி இருந்தது என்று கேட்கச் சொன்னேன்.

குளிராக இருந்ததால் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தாராம். முதல் விஷயத்துக்கு எல்லோரும் தூக்கியபோது, தன் கை பைக்குள்ளேயே இருந்துவிட்டது என்றார். பக்கத்தில் நின்ற அண்ணன், 90-ல் எதிராகக் கை தூக்கியவர், திரும்பிப் பார்த்து முழங்கையால் இலேசாக இடித்தாராம்.

“இரண்டாவதுக்குத் தூக்கினேன்” என்று சொல்லிவிட்டு, ரொட்டியைப் பிட்டு எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு துண்டு வைத்தார்.